கொரோனாவும் கல்லீரலும்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: கொரோனா வந்த ஐந்தாம் நாள் ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி. 92, எஸ்.ஜி.பி.டி. 70. வைரஸ் கல்லீரலுக்குப் போய்விட்டதா டாக்டர்?

பதில்: இந்த அளவு ஏற்றத்துக்குப் பயப்பட வேண்டாம். இரண்டும் கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் என்சைம்கள். செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும். எஸ்.ஜி.ஓ.டி. தசையிலும் உண்டு. உடம்புவலி இருந்திருக்குமே, அதன் பங்கும் இதில் இருக்கலாம். வைரஸ் நுழையும் வாசலான ஏ.சி.இ.2, கல்லீரல் செல்களைவிடப் பித்தநாளச் செல்களில்தான் அதிகம். அப்படியானால் பித்தநாளப் பாதிப்பைக் காட்டும் அல்கலைன் பாஸ்பட்டேஸ்தானே முதலில் எகிற வேண்டும்? பெரும்பாலும் எகிறுவதில்லை. அதனால் வைரஸை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. உடல் முழுக்க மூளும் அழற்சி, ஆக்சிஜன் குறைவு, நாங்கள் கொடுக்கும் மருந்து எல்லாமே கூட்டாளிகள். பிலிருபினும் (காமாலையைக் காட்டும் மஞ்சள் நிறமி) ஐ.என்.ஆரும் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை) சரியாக இருந்தால், சில வாரம் கழித்து மறுபடி பார்த்தால் போதும்.

கேள்வி: பாராசிட்டமாலை நிறுத்திவிடட்டுமா?

பதில்: வேண்டாம், அளவு மீறாமல் இருங்கள். ஆரோக்கியமான பெரியவருக்கு நாளுக்கு 4 கிராம்தான் உச்சம். சளி மாத்திரைக்குள்ளும் அது ஒளிந்திருக்கும். அட்டையைத் திருப்பிப் படித்துக் கணக்கில் சேருங்கள். கல்லீரலைச் 'சுத்தம் செய்யும்' மூலிகைப் பொடியைத்தான் நிறுத்தச் சொல்வேன்.

கேள்வி: அப்பாவுக்கு சிரோசிஸ். அவருக்குக் கொரோனா வந்தால்?

பதில்: என் கவலையெல்லாம் இவர்களைப் பற்றித்தான். சிரோசிஸில் தழும்பேறிய கல்லீரலுக்குக் கூடுதல் சுமை தாங்கத் தெம்பு இருக்காது. இருமல்கூட இல்லாமல் வயிறு வீங்குவது, பேச்சு குழறுவது, கண் மஞ்சளாவது என்றே சிலருக்கு ஆரம்பிக்கும். அப்படி எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பாராசிட்டமால் இவருக்கு 2 கிராமுக்குள். தடுப்பூசி கட்டாயம் போடுங்கள். கொரோனாவுக்கான பேக்ஸ்லோவிட் மாத்திரை பற்றிப் பேச்சு வந்தால் சிரோசிஸ் எந்த நிலை என்று சொல்லுங்கள். முற்றிய நிலையில் அதைப் பொதுவாகத் தருவதில்லை.

கேள்வி: எனக்கு ஹெபடைட்டிஸ் பி உண்டு. கொரோனாவுக்கு ஸ்டீராய்டு கொடுத்தார்கள்.

பதில்: கல்லீரலில் உறங்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸை ஸ்டீராய்டு எழுப்பிவிடலாம். வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு) பார்க்கச் சொல்லுங்கள். அதற்கான மாத்திரையை ஒருநாளும் விடாதீர்கள்.

கேள்வி: அண்ணன் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்தார். மூன்று மாதம் கழித்து உடம்பெல்லாம் அரிப்பு, லேசான காமாலை.

பதில்: இதைத் தள்ளிப்போடாதீர்கள். தீவிர சிகிச்சையில் இருந்து மீண்ட சிலருக்குப் பித்தநாளங்கள் சுருங்கித் தழும்பாகின்றன. இங்கே அல்கலைன் பாஸ்பட்டேஸ் நிஜமாகவே எகிறும். பித்தநாளங்களைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எடுத்து, இந்த வாரமே கல்லீரல் மருத்துவரிடம் காட்டுங்கள். சிலருக்கு மாற்று அறுவை சிகிச்சை வரை போயிருக்கிறது.