பேட்டரி புதுசு, ஆனாலும் 'டக் டக் டக்' மட்டும்: முதலில் எர்த் ஒயரைப் பாருங்கள்

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஸ்டார்ட்டர் மோட்டாரை (என்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டார்) இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். புது பேட்டரி, விளக்கெல்லாம் எரிகிறது, சாவியைத் திருப்பினால் மட்டும் மங்கிப்போய் 'டக் டக் டக்' என்று வேகமாக அடிக்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் டெர்மினல் (பேட்டரியில் ஒயர் மாட்டும் இடம்) அல்லது எர்த் ஒயரில்தான் (பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும் என்ஜினுக்கும் போகும் ஒயர்) கோளாறு. விளக்குக்குச் சில ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டருக்கு நூறுக்கு மேல் வேண்டும். அரைகுறைத் தொடர்பில் அது கிடைக்காது.

டெர்மினலைக் கையால் திருகிப் பாருங்கள். துளி அசைந்தாலும் லூஸ்தான். வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் நெகட்டிவை முதலில் கழற்றி, உப்புத்தாளால் ஈயம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, நெகட்டிவைக் கடைசியாக மாட்டுங்கள்.

அப்புறமும் அதே சத்தமா? கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக் போடுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் ஈயக் குமிழிலேயே (அதைப் பிடித்திருக்கும் ஒயர் கிளாம்பில் வேண்டாம்), மற்றதை என்ஜினின் வெற்று உலோகத்தில் வைத்து, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பக்கம்தான் பழுது.

ஒன்று மட்டும்: புது பேட்டரியும் கடையில் கிடந்தே சார்ஜ் இறங்கியிருக்கலாம். சும்மா இருக்கும்போது 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால், முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டு இதையெல்லாம் செய்யுங்கள். ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் சொலினாய்டு (ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்), ஸ்டார்ட்டர் பக்கம் சந்தேகப்படலாம்.