வியன்னா பக்கத்துல திராட்சைத் தோட்டம் சூழ்ந்த சின்ன ஊர்ல குடியிருந்துட்டு, தினமும் சிட்டிக்கு வேலைக்குப் போய் வர்றது எப்படி இருக்கும்? அந்த ஊரோட கதை என்ன?

நான் கும்போல்ட்ஸ்கிர்ஷென்ல ஆறு வருஷமா இருக்கேன், அதனால சொல்றேன். ஊர் பேரை தடுமாறாம சொல்லவே எனக்கு முதல் ஆறு மாசம் போயிடுச்சு. வியன்னாவுக்குத் தெற்கே, மோட்லிங்குக்கும் பாடனுக்கும் நடுவுல, அன்னிங்கர் மலை அடிவாரத்துல இருக்கு, மக்கள்தொகை 4,000 சொச்சம்தான். மலைப்பக்கம் முழுக்க திராட்சைக் கொடி, கீழ்ப்பக்கம் ரயில் தண்டவாளம், நடுவுல ஒரு நீளமான பழைய தெரு, அவ்ளோதான் ஊர். இன்னொண்ணும் முதல்லயே சொல்லிடறேன், நான் ஒயின் குடிக்கிறதில்ல. ஒயினாலயே வாழற ஊர்ல குடிக்காதவன் எதுக்குடா போய் உக்காந்திருக்கேன்னு ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கேட்டாச்சு. வாடகை கொஞ்சம் தோதா அமைஞ்சது, ஸ்டேஷன் நடக்கிற தூரம், அவ்வளவுதான் காரணம், திராட்சை எல்லாம் அப்புறம் கண்ணுல பட்டதுதான்.

காலையில ரயில் ஏறினா வியன்னாவோட மைட்லிங் ஸ்டேஷனுக்கு அரை மணிக்குள்ள போயிடலாம், அங்கிருந்து மெட்ரோ. ஆனா டிக்கெட் விஷயத்துல ஒரு சூட்சுமம் இருக்கு, இங்க வர்றவங்க பலபேர் இதுல ஏமாறுவாங்க. வியன்னா வருஷ டிக்கெட்டை 2012ல 365 யூரோவாக்கினாங்க, ஒரு நாளைக்கு ஒரு யூரோன்னு ஊரே பேசிச்சு, 2025 வரைக்கும் அந்த விலைதான். ஆனா அந்த டிக்கெட் வியன்னா எல்லையோட நின்னுடும், எங்க ஊர் லோயர் ஆஸ்திரியா மாநிலம், அதனால நாம வேற டிக்கெட்தான் எடுக்கணும். சரி கார்ல போயிடலாம்னா, 2022 மார்ச்ல இருந்து கிட்டத்தட்ட வியன்னா முழுக்க ரோட்டோரம் காசு குடுக்காம, நேரக்கணக்கு பார்க்காம வண்டி நிறுத்த முடியாது. ஆக ரயில்தான் கதி.

இந்த ரயில்தான் ஊரோட கதையும். 1841ல வியன்னாவுல இருந்து தெற்கே போற ஸூட்பான் பாதை இந்த வழியா வந்துச்சு. ஊரைத் தாண்டி பாடன் பக்கம் போனா சின்னதா ஒரு சுரங்கம் வரும், ஆஸ்திரியாவுலயே பழைய ரயில் சுரங்கம் அதுதான். உள்ள நுழைஞ்சு வெளிய வர்றதுக்குள்ள ஒரு மெசேஜ் டைப் பண்ணி முடிக்க முடியாது, அவ்ளோ சின்னது. அங்க மலையை மேலாப்புல வெட்டிக்கிட்டே போயிருக்கலாம், ஒரு சுரங்கம் இருந்தாதான் ரயில்னு ஒரு கெத்து, அதுக்காகவே தோண்டினாங்கன்னு இங்க சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. அதுக்குச் செல்லப் பேரு புஸ்ஸர்ல் சுரங்கம், அதாவது முத்தச் சுரங்கம், இருட்டுல ஜோடிங்க சட்டுனு ஒண்ணு குடுத்துக்கற அளவுக்குத்தான் நேரம் இருக்குமாம். இப்ப பெட்டிக்குள்ள லைட் எரியுது, அந்த வேலை எல்லாம் நடக்காது.

நான் முதல்ல என்ன நினைச்சேன்னா, அழகான பழைய கிராமம், எங்களை மாதிரி ஆஃபீஸ் ஆளுங்க வந்து கெடுக்கறோம் போலன்னு. அப்புறம்தான் புரிஞ்சது, இந்த ஊர் என்னைக்குமே வியன்னாவைப் பார்த்து உக்காந்திருக்கிற ஊர்தான். இப்ப காலையில ரயில் எங்களை அள்ளிக்கிட்டு வியன்னா போகுது, சாயங்காலமும் சனி ஞாயிறும் வியன்னாக்காரங்களை அள்ளிக்கிட்டு இங்க குடிக்க வருது. நான் பாதி தூக்கத்துல ஏறுற அதே பிளாட்ஃபார்ம்ல ராத்திரி ஒரு கூட்டம் பாட்டு பாடிக்கிட்டே திரும்பற வண்டிக்கு நிக்கும்.

ரயில் வர்றதுக்கு முன்னாடி கிறிஸ்தவ மடத்துக்காரங்க காலம். பக்கத்துல தாலர்ன்னு ஒரு பண்ணை, ஹைலிகென்க்ரொய்ட்ஸ் மடத்துக்கு 1141ல கிடைச்சது, அப்பவே ஒயின்தான், இன்னைக்கும் அங்க ஒயின்தான், பக்கத்து ரயில் நிறுத்தத்துக்குக்கூட அந்தப் பேரு ஒட்டிக்கிட்டு இருக்கு. ஊருக்குள்ள ஜெர்மன் வீரத்துறவி சங்கத்தோட கோட்டையும் இருக்கு. ஆனா சாதாரண விவசாயிக்கு வழி திறந்தது 1784ல, ரெண்டாம் ஜோசப் மன்னர் ஒரு ஆணை போட்டார், அவனவன் விளைவிச்சதை, அவனவன் போட்ட ஒயினை அவனவன் வீட்டுலயே எப்ப வேணா விக்கலாம்னு. அதுல இருந்து வளர்ந்ததுதான் ஹொய்ரிகர்ங்கற வீட்டு ஒயின்கடை. வீட்டு வாசல்ல கம்புல பைன் கிளைக் கொத்து தொங்கவிட்டிருந்தா கடை திறந்திருக்குன்னு அர்த்தம், இல்லேன்னா அது வெறும் வீடு, கதவைத் தட்டாதீங்க (நான் தட்டியிருக்கேன்). வருஷம் முழுக்க திறக்க மாட்டாங்க, முறை வச்சு ரெண்டு வாரம் இவங்க, ரெண்டு வாரம் அவங்க. அசல் ஹொய்ரிகர்ல பீர் கிடையாது, காபி கிடையாது, சூடா சாப்பாடும் கிடையாது, சொந்த ஒயினும் ரொட்டி மாதிரி ஆறின சமாச்சாரமும்தான். எனக்கு திராட்சை ஜூஸும், கறுப்பு ரொட்டில பாப்ரிகா மிளகாய்த்தூள் போட்ட லிப்டவர் சீஸும். சைவக்காரனுக்கு அதுக்கு மேல அங்க பெரிசா ஒண்ணும் தேறாது, தயாரா வாங்க.

இந்த வட்டாரத்துக்குன்னே ரெண்டு வெள்ளைத் திராட்சை, ட்ஸீர்ஃபாண்ட்லர், ரோட்கிப்ஃப்லர்னு. உலகத்துல வேற எங்கயும் பெரிசா போடறதில்ல. ரெண்டையும் கலந்து செய்யறதுதான் ஊர் பேர் சொல்ற ஒயின், அந்தக் காலத்துல கொஞ்சம் இனிப்பா செய்வாங்க, அதுக்குத்தான் பேரே. அந்தப் பேர்லதான் இடி விழுந்துச்சு. 1985ல நாட்டுல வேற வேற இடத்துல சில ஒயின் வியாபாரிங்க ஒயினுக்கு கெட்டித்தன்மையும் இனிப்பும் கூட்டிக்காட்ட டைஎத்திலீன் கிளைக்கால்ங்கற விஷ ரசாயனத்தைக் கலந்தது வெளிய வந்துச்சு, ஜூலைல ஜெர்மனி அரசு எச்சரிக்கை விட்டுச்சு. யாரும் சாகல, ஆனா ஏற்றுமதி படுத்துடுச்சு, கோடிக்கணக்கான லிட்டர் அழிச்சாங்க. ஒழுங்கா தொழில் பண்ணவங்களும் சேர்ந்து அடி வாங்கினாங்க, இனிப்பா இருந்தாலே சந்தேகம்னு ஆயிடுச்சு. அதே வருஷம் ஆஸ்திரியா ரொம்பக் கறாரான ஒயின் சட்டம் கொண்டு வந்தாங்க, இன்னைக்கு அந்த நாட்டு ஒயினுக்கு நல்ல பேர் இருக்குன்னா அதுல அந்த அவமானத்துக்குப் பெரிய பங்கு இருக்கு. எதிர் வீட்டம்மா கிட்ட இதைப் பத்தி ஒரு தடவை கேட்டேன், "அந்த வருஷம் நாங்க ஒண்ணும் கலக்கல, ஆனா ஒவ்வொருத்தர் கிட்டயும் அதைச் சொல்ல வேண்டியிருந்துச்சு"ன்னாங்க. அவ்ளோதான் சொன்னாங்க, மேல பேசல.

அந்தம்மாவுக்கு எழுபது தாண்டிடுச்சு, சின்னதா தோட்டம். முதல் மூணு வருஷம் எனக்கும் அவங்களுக்கும் வணக்கம் சொல்றதோட சரி. ஒரு அக்டோபர்ல அறுவடைக்கு ஆள் பத்தல, வர்றீங்களான்னு கேட்டாங்க, சனிக்கிழமை சும்மாதானேன்னு போனேன். குட்டிக் கத்திரிக்கோலும் பக்கெட்டும் குடுத்தாங்க. போட்டோல பாக்கறப்ப ரொமான்டிக்கா இருக்கும், நிஜத்துல பழம் உங்க முட்டி உயரத்துல தொங்கும், நாள் பூரா குனிஞ்சே இருக்கணும், சாறு பட்டு விரல் எல்லாம் பிசுபிசுன்னு ஒட்டிக்கும், அதுக்குன்னு குளவி சுத்திக்கிட்டே இருக்கும், பூஞ்சை பிடிச்ச பழத்தை ஒவ்வொண்ணா கிள்ளிப் போடணும். பதினோரு மணிக்கே என் இடுப்பு ராஜினாமா பண்ணிடுச்சு. சாயங்காலம் பாதாள அறைக்குக் கூட்டிட்டுப் போனாங்க, முன்னாடி அவங்க ஒரு மெழுகுவத்தியை இடுப்புக்குக் கீழ பிடிச்சுக்கிட்டு நடந்தாங்க. நான் ஏதோ பூஜை போலன்னு நினைச்சேன். பழச்சாறு நொதிக்கறப்ப வர்ற கார்பன் டை ஆக்சைடு காத்தை விட கனம், தரையோட தேங்கி நிக்கும், ஆளைச் சத்தமில்லாம சாய்ச்சிடும், "இது அணைஞ்சா எதையும் கேக்காத, திரும்பி ஓடு"ன்னாங்க. கவனிச்சீங்களா, "ஓடு"ன்னாங்க. ஜெர்மன்லயும் நம்ம மாதிரி நீ, நீங்க உண்டு, மூணு வருஷமா நீங்க போட்டவங்க அன்னைக்குத்தான் நீன்னு மாறினாங்க.

கிளம்பறப்ப ஒரு பாட்டில் ஷ்டுர்ம் குடுத்தாங்க, பாதி நொதிச்ச கலங்கலான சமாச்சாரம், செப்டம்பர் அக்டோபர் பக்கம்தான் கிடைக்கும். திங்கட்கிழமை ஆஃபீஸ்ல இருக்கிறவங்களுக்குக் குடுக்கலாம்னு பையில படுக்க வச்சேன். அதுக்கு மூடியை இறுக்கவே மாட்டாங்க, உள்ள வாயு வந்துக்கிட்டே இருக்கும், இறுக்கினா வெடிக்கும், அதனால எப்பவும் நிமித்தித்தான் வைக்கணும். இது எனக்கு மோட்லிங் தாண்டினப்புறம்தான் தெரிஞ்சது, தொடை நனைஞ்சப்ப. லேப்டாப் பிழைச்சுக்கிச்சு, ஆனா ஒரு வாரம் நான் காலங்காத்தால குடிச்சுட்டு வர்ற ஆளு மாதிரி மணத்தேன், குடிக்காதவன்னு சொன்னா எவன் நம்புவான்.

குறையும் சொல்லணும். அறுவடை சீசன்ல விடியறதுக்குள்ள டிராக்டர் சத்தம், பிழிஞ்ச சக்கையோட புளிச்ச வாசனை தெரு பூரா. சனி ஞாயிறு நல்ல வெயில் அடிச்சா மலை நடக்கிற கூட்டம், வண்டி நிறுத்த இடம் இருக்காது. அந்தத் தோட்டப் பாதை ஒண்ணுக்கு அடியில வியன்னாவுக்கு மலைத் தண்ணி போற 1873 வருஷத்துக் கால்வாய் இருக்கு, அந்த நடைபாதைக்காகவே நிறைய பேர் வர்றாங்க. எனக்கு ஊர்லயே பிடிச்ச இடமும் அதுதான். குளிர்காலத்துல நேர் எதிர், கொத்து தொங்கற வாசல் குறைஞ்சிடும், ஆறு மணிக்கு மேல தெருவுல ஆள் இருக்காது, கடைசி ரயில்ல இறங்கினா நம்ம காலடிச் சத்தம் நமக்கே கேக்கும்.

வீடு பாக்க வர்றதுன்னா செப்டம்பர்ல வராதீங்க, அப்ப யாருக்கும் பிடிச்சுடும். பிப்ரவரில ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து ஸ்டேஷன்ல இருந்து மேல வரைக்கும் நடந்து பாருங்க. இலையில்லாத கட்டைக் கொடி மட்டும் நிக்கும், யாராவது ஒருத்தர் அந்தக் குளிர்ல கவாத்து பண்ணிட்டு இருப்பாங்க. அந்த நேரத்துலயும் ஊர் பிடிச்சிருந்தா அட்வான்ஸ் குடுங்க.