மூன்றாவது வாரத்தில் நின்றுபோகும் இலக்குகள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: உடற்பயிற்சி, சேமிப்பு, தினமும் வாசிப்பு, ஒரு புதிய மொழி என்று ஒவ்வோர் ஆண்டும் பட்டியல் போடுகிறேன். முதல் இரண்டு வாரம் நன்றாகப் போகிறது. மூன்றாவது வாரத்தில் ஒவ்வொன்றாக நின்றுவிடுகிறது. எனக்கு மனஉறுதி போதவில்லையா?

பதில்: மனஉறுதியைக் குறை சொல்லுமுன் பட்டியலைப் பாருங்கள். நான்கு இலக்குகள், நான்குக்கும் ஒரே நாளில் தொடக்கம், எதற்கும் நேரமும் இடமும் குறிக்கவில்லை. உற்சாகம் இருக்கும்வரை ‘இன்று எப்போது செய்யலாம்’ என்று தினமும் புதிதாக முடிவெடுக்க முடிகிறது. வேலை கூடும் முதல் வாரத்தில் அந்த முடிவு தள்ளிப்போகிறது, அதோடு இலக்கும் போய்விடுகிறது. முடிவை முன்கூட்டியே எடுத்து வைப்பதுதான் இதற்கு வழி.

2002-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வாரத்தில் ஒரு முறையாவது 20 நிமிடம் நன்றாக உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பது இலக்கு. எந்தத் தூண்டுதலும் பெறாத குழுவில் 38% பேர் செய்தார்கள். இதய நோய் பற்றி விளக்கி ஊக்கப்படுத்திய குழுவில் 35% பேர். அதே விளக்கத்தோடு ‘எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே’ என்றும் எழுதிக் கொடுத்த குழுவில் 91% பேர். ஊக்கம் தனியாக எதையும் மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் இப்படித் திட்டம் எழுதுவதன் பலன் ஒரே ஓர் இலக்கு இருக்கும்போதுதான் நன்றாகக் கிடைக்கிறது, பல இலக்குகளுக்கு ஒரே நேரத்தில் எழுதினால் அது தேய்ந்துவிடுகிறது என்று 2012-ல் வந்த இன்னோர் ஆய்வு சொல்கிறது. ஆகவே நான்கில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி, மூன்று மாதம் கழித்து வரும் ஒரு தேதியைப் போட்டு எடுத்து வையுங்கள்.

வைத்துக்கொண்ட ஒன்றுக்கு ஒரு வாக்கியம் எழுதுங்கள். அதில் நான்கு விஷயங்கள் வேண்டும்: எதற்கு அடுத்து, எங்கே, என்ன, குறைந்தபட்சம் எவ்வளவு. எடுத்துக்காட்டாக: ‘இரவு சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும், மேசையில் உட்கார்ந்து 10 புதிய சொற்களை எழுதுவேன், முடியாத நாளில் 2 சொற்கள்.’

கடிகார நேரத்தைவிட, தினமும் தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு இணைப்பதே என் பரிந்துரை. ‘7 மணிக்கு’ என்று எழுதியவர் 7.20-க்கு வீடு திரும்பினால், ‘இன்றைய நேரம் போய்விட்டது’ என்று விட்டுவிடுவார். தட்டு கழுவுவது 9 மணிக்கு நடந்தாலும் அதற்கு அடுத்த வேலை அப்படியே நிற்கும். அலுவலக நாளில் மட்டும் நடக்கும் செயலோடு இணைக்காதீர்கள், விடுமுறை நாளில் சங்கிலி அறுந்துவிடும்.

வழக்கமாக வரும் தடைக்கும் ஒரு வரி எழுதுங்கள். ‘கைபேசியை எடுக்க மாட்டேன்’ என்று எழுதினால் மனத்தில் கைபேசிதான் நிற்கும். ‘கைபேசியை எடுக்கத் தோன்றினால், எழுந்து போய் அதை அடுத்த அறையில் வைத்துவிட்டு வருவேன்’ என்று, செய்யப்போவதை எழுதுங்கள்.

கேள்வி: 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

பதில்: இல்லை. 1960-ல் ஓர் அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை மருத்துவர், புதிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது சுமார் 21 நாள் ஆவதாகத் தாம் கவனித்ததை எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல் வழியில் உதிர்ந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 84 நாள் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலையை எட்ட ஆகும் காலம், அந்த 84 நாள் போக்கை வைத்து அவர்கள் கணித்ததில், 18 நாள் முதல் 254 நாள் வரை விரிந்தது, நடு மதிப்பு 66. தண்ணீர் குடிப்பது போன்ற எளியவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சிக்கு அதிகக் காலம் பிடித்தது. 22-ஆம் நாளும் சிரமமாக இருக்கிறதே என்று கலங்க வேண்டாம், அது இயல்புதான். மூன்று மாதத்துக்குத் திட்டமிடுங்கள்.

கேள்வி: ஒன்றரை மாதம் தவறாமல் ஓடினேன். காய்ச்சலில் ஐந்து நாள் விட்டுப்போனது. மறுபடி தொடங்க மனமே வரவில்லை. எல்லாம் வீணாகிவிட்டதுபோல் இருக்கிறது.

பதில்: வீணாகவில்லை. மேலே சொன்ன லண்டன் ஆய்விலேயே, ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாகும் வேகம் பெரிதாகக் குறையவில்லை. கெடுப்பது விடுபட்ட நாளைவிட, ‘போனது போகட்டும், இனி என்ன’ என்று அதற்குப் பின் வரும் எண்ணம். உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் ஒரு வாய் மீறியதும் அன்று முழுவதும் மீறுவதை உளவியலாளர்கள் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். ‘தினமும்’ என்ற கண்டிப்பான இலக்கு இந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்கிறது, ஏனென்றால் ஒரே நாளில் அது உடைந்துவிடும். ‘வாரத்தில் 5 நாள்’ என்று மாற்றுங்கள். அந்த இரண்டு நாள் முன்பே கணக்கில் சேர்ந்த இருப்பு.

காய்ச்சல் முழுதாக விட்டு, சாதாரண நடை களைப்பு தராத நிலை வந்ததும் தொடங்குங்கள். மார்பு வலியோ மூச்சுத் திணறலோ இருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் ஓட வேண்டாம். முதல் மூன்று முறை பழைய தூரத்தில் பாதி போதும், அடுத்த வாரம் முக்கால். விட்ட ஐந்து நாளையும் சேர்த்து ஓடி ஈடுகட்ட மட்டும் நினைக்காதீர்கள். அது உடம்பை நோகடித்து, அடுத்த இடைவெளியைத் தானே உண்டாக்கும்.

கேள்வி: இலக்கை எழுதி வைத்த 3% மாணவர்கள் பின்னாளில் மற்ற 97% பேரைவிட அதிகம் சம்பாதித்தார்கள் என்ற யேல் பல்கலைக்கழக ஆய்வு உண்மையா?

பதில்: அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. யேல் பல்கலைக்கழகமே இதைச் சொல்லியிருக்கிறது.

கேள்வி: இலக்கை எல்லோரிடமும் அறிவித்தால் வெட்கத்துக்காவது செய்வோமா?

பதில்: யாரிடம், எதைச் சொல்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. ‘நான் எழுத்தாளராகப் போகிறேன்’ என்று பத்துப் பேரிடம் சொல்லி அவர்கள் பாராட்டிவிட்டால், பாதி எழுத்தாளர் ஆகிவிட்ட நிறைவு வந்து உழைப்பு குறைகிறது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் குழுவினர் 2009-ல் வெளியிட்ட சோதனைகளில் இது தெரிந்தது. அதே நேரம், முன்னேற்றத்தைக் கவனித்துப் பதிவது இலக்கை அடைய உதவுகிறது. அந்தப் பதிவை இன்னொருவருக்குக் காட்டினால் பலன் கூடுகிறது என்று 138 ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வந்த பகுப்பாய்வு காட்டுகிறது. எனவே கனவை அறிவிக்காதீர்கள், கணக்கைக் காட்டுங்கள். ஒரே ஒருவர் போதும். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில், ‘5 நாளில் 4 நாள், மொத்தம் 38 சொற்கள்’ என்று எண்ணாக அனுப்புங்கள். உங்களைத் திட்டுபவரையோ எப்போதும் சமாதானம் சொல்பவரையோ இதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

கேள்வி: நான் போடும் கெடு எதுவும் நிற்பதில்லை. ஒரு சான்றிதழ்ப் படிப்பை ஆறு மாதத்தில் முடிக்க நினைத்தேன், பாதியில் இருக்கிறேன்.

பதில்: உங்களைப் போலத்தான் பெரும்பாலோர். கனடாவில் ஆய்வேடு எழுதிய மாணவர்களிடம் கேட்டபோது சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள், ஆனது சுமார் 55 நாள். 1994-ல் வெளியான ஆய்வு இது. வேலையை மட்டும் கற்பனை செய்கிறோம், குறுக்கே வருவதைக் கணக்கில் வைப்பதில்லை.

கணக்கை மணியில் போடுங்கள். ஒரு பாடத்தைப் படித்து, பயிற்சிகளையும் செய்து, உண்மையில் எத்தனை மணி ஆகிறதென்று குறித்துக்கொள்ளுங்கள். 6 மணி ஆகிறது, 40 பாடங்கள் என்றால் 240 மணி. வாரத்துக்கு 6 மணி கிடைத்தால் 40 வாரம். நான்கில் ஒரு வாரம் ஏதோ ஒரு காரணத்தால் போகும் என்று வைத்தால் 53 வாரம். ஆறு மாதக் கெடு முதல் நாளிலேயே நடவாத ஒன்று. கெடுவை மாற்ற முடியாதென்றால் வாரத்துக்கு 12 மணிக்குமேல் ஒதுக்க வேண்டும். அதற்கு எந்த வேலையை விடுவீர்கள் என்று பெயரிட்டு எழுதுங்கள். எழுத முடியவில்லையா, கெடுவைத்தான் மாற்ற வேண்டும்.

இன்னொன்று: துறை உங்களுக்குப் புதிதென்றால் ‘90 மதிப்பெண்’ என்ற இலக்கை இப்போது வைக்காதீர்கள். பழகாத வேலையில் உயர்ந்த முடிவிலக்கு பதற்றத்தைத்தான் தரும். ‘இந்த வகைக் கணக்கைத் தீர்க்க மூன்று வழிகள் கற்பேன்’ என்பதுபோல் கற்றலையே முதலில் இலக்காக்குங்கள்.

கேள்வி: ஓர் இலக்கைக் கைவிடலாம் என்று எப்போது முடிவு செய்வது?

பதில்: மோசமான நாளில் முடிவு செய்யாதீர்கள். தொடங்கும்போதே ஒரு மீளாய்வுத் தேதியும் இரண்டு கேள்விகளும் எழுதி வையுங்கள்: ‘குறைந்தபட்ச அளவையாவது பாதி வாரங்களில் செய்தேனா? இன்று புதிதாகத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதையே எடுப்பேனா?’ முதல் கேள்விக்கு மட்டும் ‘இல்லை’ என்றால் அளவைக் குறைத்துத் தொடருங்கள். இரண்டாவதுக்கும் ‘இல்லை’ என்றால் தயங்காமல் விடுங்கள். விட்ட அன்றே, எடுத்து வைத்த தாளிலிருந்து அடுத்த இலக்கைத் தேர்ந்து அதற்கான வாக்கியத்தை எழுதத் தொடங்கலாம்.