கணக்கம்மா பதில்கள்: கடைவீதியில் லினக்ஸ்

(வணிகர்களுக்கு வரிக்கணக்கு எழுதிக் கொடுக்கும் ஓசூர்க்காரர் பதில் சொல்கிறார்)

நாங்கள் ஓசூரில் பாலிடெக்னிக் படிக்கிறோம். ஞாயிறுதோறும் நேதாஜி ரோடு, எம்.ஜி. ரோடு கடைகளுக்குப் போய் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ், கடிதமும் பட்டியலும் தயாரிக்க உதவும் லிபர்ஆபீஸ் ஆகிய மென்பொருள்கள் பற்றி நோட்டீஸ் கொடுக்கிறோம். ‘முழுக்க இலவசம்’ என்று சொல்லியும் யாரும் மாறவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். என்ன செய்வது, அம்மா?
– மாணவர்கள், ஓசூர்

டீ கிடைத்தது அல்லவா? எங்கள் கடைவீதியில் அது சாதாரண மரியாதை இல்லை.

நீங்கள் இணைத்திருந்த நோட்டீஸைப் படித்தேன். முதல் பத்தியில் 1983, ஸ்டால்மன், க்னூ. அடுத்த பத்தியில் 1991, பின்லாந்து, லினஸ் டோர்வால்ட்ஸ். இலவச மென்பொருள் இயக்கமும் லினக்ஸும் பிறந்த கதை, எல்லாம் சரியான வரலாறு. ஆனால் அதை வாங்கிப் படிப்பவர் வெங்காய மண்டிக்காரர். இலவசம் என்ற சொல் அவரை அசைக்காது, தம்பிகளா. அவருடைய கணினியில் இருப்பது எல்லாம் ஏற்கெனவே இலவசம்தான்! பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் உதிரிப் பாகங்கள் வாங்கி மாட்டிக் கொடுத்த பையன், விண்டோஸ் முதல் கணக்கு மென்பொருள் வரை எல்லாவற்றையும் திருட்டுப் பிரதியாகவே ஏற்றிக் கொடுத்துவிட்டான். பணம் கொடுத்து உரிமம் வாங்கியவரிடம் அல்லவா நீங்கள் இலவசத்தைப் பற்றிப் பேச வேண்டும்!

மண்டிக்காரருக்கு இல்லாதது மென்பொருள் அல்ல, பழுதானால் வந்து பார்க்க ஓர் ஆள். மாலை ஏழு மணி, அத்திப்பள்ளி தாண்டிப் போக வேண்டிய லாரி வாசலில் நிற்கிறது, பில் அச்சாக மறுக்கிறது. அப்போது யாரைக் கூப்பிடுவது? உங்கள் நோட்டீஸில் அதற்குப் பதில் இல்லை. இன்னொன்றையும் அவர் மனத்துக்குள் கணக்குப் போடுகிறார்: மூன்றாம் ஆண்டு முடிந்ததும் இந்தப் பிள்ளைகள் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். வியாபாரிக்கு ஆளை எடைபோடத் தெரியும்.

ஆகவே தெருவை விடுங்கள், ஒரு கடையைப் பிடியுங்கள். அங்கே எந்த வேலை தினமும் இழுபறியாகிறது என்று பாருங்கள். விண்டோஸில் கைவைக்கவே வேண்டாம். லிபர்ஆபீஸும் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் அதன் மேலேயே ஓடும். விலைப்பட்டியல், கொட்டேஷன் கடிதம் ஆகியவற்றை முதலில் அதில் செய்து காட்டுங்கள். பிறகு மேசைக்கடியில் தூசி படிந்து கிடக்கும் பழைய கணினியைக் கேட்டு வாங்குங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஓ டி.பி.எம் 2.0 பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்கிறது. பழைய கணினிகள் பலவற்றில் அது இல்லை. அப்படிப்பட்ட ஒன்றில் லினக்ஸ் வகைகளான லினக்ஸ் மின்ட் அல்லது மத்திய அரசின் சி-டாக் அமைப்பு உருவாக்கிய பாஸ் லினக்ஸை ஏற்றி, எழுந்து ஓடுவதைக் காட்டுங்கள். அந்தக் கணினியைச் செத்துப்போனது என்று நினைத்தவர் அதன்பின் உங்களிடம் தானாகவே பேசுவார்.

கடைசியில் இரண்டு கைப்பேசி எண்களை அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டுங்கள். ஒன்று உங்களுடையது, மற்றது முதலாம் ஆண்டு மாணவர் ஒருவருடையது. இந்த இரண்டாவது எண்தான் உங்கள் பிரசாரம்.

எனக்கு ஹார்டுவேர் கடை. சரக்கு பெங்களூரிலிருந்து வருகிறது. மாணவர்கள் வந்து எல்லாவற்றையும் லினக்ஸுக்கு மாற்றச் சொல்கிறார்கள். நம்பி இறங்கலாமா?
– கடை உரிமையாளர், கிருஷ்ணகிரி

இறங்கலாம், ஆனால் மார்ச்சில் வேண்டாம். ஆண்டுக்கணக்கு முடிக்கும் நேரத்தில் கணினியைப் பிரிக்க விடும் வியாபாரியை நான் வாடிக்கையாளராகவே வைத்துக்கொள்ள மாட்டேன்.

ஜி.எஸ்.டி. தளமும் இ-வே பில் தளமும் உலாவியில் திறப்பவை. ஆகவே ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் எடுக்க விண்டோஸ்தான் வேண்டும் என்பதில்லை. உங்கள் ஒருவருக்கே சொந்தமான கடை என்றால் ரிட்டர்னில் ஓ.டி.பி. போட்டே கையெழுத்திடலாம். கம்பெனியாகப் பதிந்திருந்தால் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேண்டும். அது லினக்ஸில் வேலை செய்கிறதா என்று உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். பிரிண்டரும் அப்படித்தான். சில லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் சொன்ன பேச்சைக் கேட்காது. பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்க முடியும், வன்தட்டில் எதையும் அழிக்கத் தேவையில்லை. பையன்கள் அதைச் செய்யாமல் நேராக ‘இன்ஸ்டால்’ பொத்தானை அழுத்த வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

கணக்கு மென்பொருள்தான் சிக்கல். க்னூகேஷ் என்ற இலவசக் கணக்கு மென்பொருள் வரவு செலவை அழகாக எழுதும், ஆனால் நம் ஜி.எஸ்.டி. ரிட்டர்னைத் தயாரித்துத் தராது. இ.ஆர்.பி.நெக்ஸ்ட் அதைச் செய்யும். மும்பையில் உருவான திறந்த மூல மென்பொருள் அது, அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். ஆனால் அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். ஒற்றைக் கல்லாக் கடைக்கு அது யானை. காசு கொடுத்து உரிமம் வாங்கிய கணக்கு மென்பொருள் இருந்தால் அது ஓடும் கணினியை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றதை மாற்றுங்கள்.

உரிமம் இல்லாத பிரதியா? அப்படியானால் கேளுங்கள். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவின்படி ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காக இல்லை என்றால் நீதிமன்றம் சலுகை காட்டலாம். நீங்கள் கடை நடத்துகிறீர்கள்!

எங்கள் டி.டி.பி. கடையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் கல்யாணப் பத்திரிகை வரும். மொழிக்கு ஒரு மென்பொருள், மொழிக்கு ஒரு விசைப்பலகை. திறந்த மூல மென்பொருளில் இதற்கு வழி உண்டா?
– அச்சகப் பெண்மணி, தேன்கனிக்கோட்டை

உண்டு. இந்த ஒரு விஷயத்துக்காகவே நம் எல்லையோர ஊர்களில் அந்த மாணவர்களை வரவேற்க வேண்டும் என்பேன்.

உங்கள் தொல்லைக்குக் காரணம் பழைய எழுத்துருக்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்த ஏற்பாடு அது. வேறு கணினியில் திறந்தால் மாப்பிள்ளை பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பை தெரியும். உலக மொழிகளுக்குப் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் மூன்று மொழிக்கும் தனித்தனி இடம் உண்டு. ஒரே கோப்பில், ஒரே வரியில்கூட மூன்றையும் எழுதலாம். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது.

விசைப்பலகைக்கு இன்ஸ்கிரிப்ட் இருக்கிறது. இந்திய அரசு 1980-களில் வகுத்த முறை. உயிரெழுத்துகள் இடது கைப்பக்கம், மெய்கள் வலது கைப்பக்கம். ஆங்கில ‘கே’ விசையில் தமிழில் க, கன்னடத்திலும் தெலுங்கிலும் அதே ஒலி. ‘எச்’ விசையில் ப, ‘எல்’ விசையில் த, மூன்று மொழியிலும் அப்படியே. தமிழில் இல்லாத அழுத்த ஒலிகளைப் பெரும்பாலும் ‘ஷிப்ட்’டோடு சேர்த்து அடிக்க வேண்டும். ஆகத் தமிழில் ஒருமுறை கை பழகினால் மற்ற இரண்டும் பாதி வந்துவிடும். தமிழுக்கென்றே அமைந்த தமிழ்99 விசைப்பலகை பழகியவர்களுக்கு இது முதலில் எரிச்சலாக இருக்கும். தமிழ் மட்டும் அடிப்பவர்களுக்குத் தமிழ்99 தான் வேகம், அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. உங்கள் கடைக்கு இன்ஸ்கிரிப்ட். லினக்ஸில் இரண்டும் கிடைக்கும்.

பத்திரிகை வடிவமைக்க இங்க்ஸ்கேப்பும் ஸ்கிரைபஸும் உண்டு. ஆப்செட்டுக்கு நான்கு வண்ணப் பிரிப்பு வேண்டுமென்றால் கடைசிக் கோப்பை ஸ்கிரைபஸில் எடுங்கள். பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை மட்டும் அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். கல்யாணப் பத்திரிகை கொடுத்தவர் வளைகாப்புக்கு வருவார், ‘அதே டிசைன்’ என்பார்.

லினக்ஸைச் சும்மா தருகிறார்கள் என்றால் உள்ளே ஏதோ சூது இருக்குமே?
– டீக்கடை நண்பர்கள், இராயக்கோட்டை

உங்கள் சட்டைப்பையில் இருப்பது ஆண்ட்ராய்டு கைப்பேசி என்றால், அதன் அடியில் ஓடுவது லினக்ஸ்தான். தக்காளி விலையை அதில்தானே பார்க்கிறீர்கள்? மென்பொருளைச் சும்மா கொடுத்துவிட்டு, பராமரிப்புக்குக் காசு வாங்கும் கம்பெனிகள் உண்டு. அப்படி வளர்ந்த ரெட் ஹேட் நிறுவனத்தை ஐ.பி.எம். 2019-இல் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. சூது என்று சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள்.

மகன் இரவெல்லாம் இந்தத் திறந்த மூல மென்பொருள் வேலையே செய்கிறான். சம்பளம் இல்லை, இரண்டு பாடம் அரியர். இதனால் பிழைப்பு உண்டா?
– ஒரு தந்தை, பாலக்கோடு

உண்டு. அவன் எழுதிய நிரலும் திருத்திய பிழையும் தேதியோடு பொதுவெளியில் இருக்கின்றன. நேர்முகத் தேர்வில் அதைக் காட்டலாம். மதிப்பெண் பட்டியலில் தெரியாதது அதில் தெரியும். தமிழ் மொழிபெயர்ப்பில் தொடங்கியிருக்கிறானா, பிழை திருத்தத்திலா என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உங்களுக்குப் புரிகிறபடி அவனால் சொல்ல முடிந்தால், உருப்படியாகத்தான் செய்கிறான்.

ஆனால் அரியர் முதலில். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பாக வந்துகொண்டேதான் இருக்கும். அரியர் தேர்வைத் தவறவிட்டால் அவன் அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும்.