போட்டி நிறுவனத்திலிருந்து வந்தவரை நம்பலாமா?

வணக்கம் நண்பரே. போட்டி நிறுவனத்திலிருந்து வந்தவரை உங்கள் குழுவின் மூத்தவர் உளவாளி என்கிறார். ரகசியமாகச் சோதிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

வால்மீகியின் யுத்த காண்டத்தில் விபீடணன் வந்து நின்றபோதும் இதே பேச்சுதான் எழுந்தது. சுக்கிரீவன் கொன்றுவிடச் சொன்னான். ஒற்றனை விட்டு ஆராயலாம் என்றான் சரபன் என்ற வானர வீரன். இராமன் யார் வாயையும் அடைக்கவில்லை. அனுமன்தான் மாற்றிச் சொன்னான்: துருவித் துருவிக் கேட்டால் நல்லெண்ணத்தோடு வந்தவனும் மனம் கசந்துவிடுவான்; வேலை கொடுக்காமல் திறமையை அறிய முடியாது, எடுத்த எடுப்பில் பெரிய வேலை கொடுப்பதும் தவறு. எவ்வளவு நுட்பமான யோசனை!

எனக்கு இன்னும் பிடித்தது அடுத்த இடம். அடைக்கலம் தந்துவிட்டேன், அழைத்து வா என்று இராமன் சொன்னது சுக்கிரீவனிடம். கடுமையாக எதிர்த்தவனிடமே!

உங்கள் மூத்தவரின் ஐயத்தை முழுதாகக் கேளுங்கள். பிறகு முடிவை எல்லோர் முன்னிலையிலும் சொல்லி, புதியவருக்கு வேலை பழக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படையுங்கள். முதலில் சிறு வேலைகள் போதும். வாடிக்கையாளர் விவரங்கள் பிறகு. இலங்கையின் படைபலத்தை இராமன் விபீடணனிடம் கேட்டறிந்தான், உண்மைதான், அது போர். பழைய நிறுவனத்தின் ரகசியங்களை நீங்கள் இவரிடம் கேட்காதீர்கள்.