யார் அந்த ஜானி?

கேள்வி: அமெரிக்காவில் மக்காச்சோள மாவில் தட்டையாகச் சுடும் 'ஜானி கேக்' பற்றி ஒரு காணொளி பார்த்தேன். பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போனதால் 'ஜர்னி கேக்', அதுவே மருவி 'ஜானி கேக்' ஆனதாம். இவ்வளவு தெளிவாக இருக்கும்போது அகராதிகள் ஏன் 'தோற்றம் தெரியவில்லை' என்று மழுப்புகின்றன?
- ஒரு வாசகர், தேனி

பதில்: ஒரு சொல் மருவியது என்றால் மூலச் சொல் முன்னால் இருந்திருக்க வேண்டும் இல்லையா? 'ஜானி கேக்' 1739-லேயே தென் கரோலினா செய்தித்தாள் ஒன்றில் அச்சாகிவிட்டது. அதைச் சுடுவதற்கான புது இரும்புத் தட்டுகளைப் பற்றிய வரி அது. 'ஜர்னி கேக்' அச்சேறியது அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான். மகன் பிறந்த பிறகு அப்பனுக்குத் தொட்டில் கட்டுகிறார் உங்கள் காணொளிக்காரர்.

அச்சுக்கு வராமல் வாய்ப்பேச்சில் இருந்திருக்கலாமே என்பீர்கள். சரி, பண்டத்தையே பார்ப்போம். இதைத் தலையில் வைத்துக் கொண்டாடும் அமெரிக்க மாநிலமான ரோட் ஐலண்டில், வெள்ளை மக்காச்சோளத்தைக் கல் எந்திரத்தில் அரைத்து, உப்புப் போட்டு, கொதிநீர் விட்டுப் பிசைந்து கல்லில் சுடுகிறார்கள். அதே மாநிலத்தில் நியூபோர்ட் பக்கம் வெந்நீர் கிடையாது. பச்சைப் பாலில் கரைத்து மெல்லிசாக ஊற்றுவார்கள். எது அசல் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எப்படிச் சுட்டாலும் சூடாகத் தின்றால்தான் ருசி. பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போக ஏற்ற பண்டமாகத் தெரியவில்லை.

அந்த மண்ணில் வழிநடைக்கென்றே வேறு உணவு இருந்தது. நாரகான்செட் பழங்குடியினர் வறுத்த மக்காச்சோளத்தை இடித்து மாவாக்கி, சின்னக் கூடையில் முதுகில் சுமந்துபோவார்கள். வழியில் தண்ணீர் கலந்தால் சாப்பாடு தயார். ரோட் ஐலண்டை நிறுவிய ரோஜர் வில்லியம்ஸ் அவர்களோடு நடந்து, தானும் தின்று, 1643-இல் எழுதியே வைத்திருக்கிறார். அதன் பெயர் 'நோக்கெஹிக்'. ஆங்கிலேயர் வாயில் அது 'நோகேக்' ஆகிவிட்டது! கேக்கே இல்லாத ஒன்று கேக் ஆன கதைக்குச் சான்று இருக்கிறது. அதை யாரும் காணொளியாகப் போடக் காணோம்.

'ஜானி கேக்', 'ஷானி' என்ற பழங்குடியினர் பெயரிலிருந்து வந்தது என்று இன்னொரு கட்சி. ஒலி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். எனக்குக் கொஞ்சம் பிடித்தது வேறொன்று. வட இங்கிலாந்தில் 'ஜானக்' என்று ஓட்ஸ் ரொட்டி உண்டு. குடியேறியவர்கள் அந்தப் பெயரோடு வந்து, ஓட்ஸுக்குப் பதில் கைக்குக் கிடைத்த மக்காச்சோளத்தைப் போட்டிருக்கலாம். ரோட் ஐலண்டில் 'ஜானகின்' என்ற பழைய வடிவமும் வழங்கியிருக்கிறது. ஆனால் இதற்கும் நடுவில் ஒரு கண்ணி இல்லை. அதனால்தான் அகராதிக்காரர்கள் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். அதற்குப் பெயர் மழுப்பல் இல்லை.

அப்புறம், ஜானி என்று ஒரு ஆளைத் தேட வேண்டாம். அந்தப் பெயரில் ரொட்டி சுட்ட எவரையும் எந்தக் கட்சியும் இதுவரை சாட்சிக்குக் கூப்பிடவில்லை.