“சத்தமே வராது”ன்னு கடையில சொல்றாங்க, எலக்ட்ரிக் படகு மோட்டாரை நம்பி வாங்கலாமா?

கேள்வி: அண்ணே, ஆலப்புழை பக்கம் சின்னதா ஹோம்ஸ்டே நடத்துறோம், 12 அடி ஃபைபர் படகு ஒண்ணு இருக்கு, தங்க வர்றவங்கள விடிகாலைல பறவை பாக்க கூட்டிட்டுப் போவேன். பெட்ரோல் இஞ்சின் ஸ்டார்ட் பண்ணாலே கொக்கு, நாரை எல்லாம் பறந்துடுது. எலக்ட்ரிக் மோட்டார் வாங்கலாம்னு போனா ஒரு கடையில “சத்தமே வராது”ங்குறாங்க, இன்னொரு கடையில 50 டெசிபல்னு பேப்பர்ல காட்டுறாங்க. எதை வச்சு வாங்குறது?

பதில்: தம்பி, அந்த 50ஐ எத்தனை மீட்டர் தள்ளி வச்சு, எந்த ஸ்பீடுல அளந்தாங்கன்னு முதல்ல கேளுங்க. பதில் இல்லன்னா அந்த நம்பரை விட்ருங்க. திறந்த வெளில 1 மீட்டர்ல அளந்ததையே 2 மீட்டர்ல அளந்தா சுமார் 6 டெசிபல் குறைஞ்சுடும், 4 மீட்டர்ல 12. பத்து டெசிபல் குறைஞ்சா காதுக்கு பாதி சத்தம் மாதிரி இருக்கும், அப்போ ஒரே மோட்டாரை எங்க நின்னு அளக்குறோம்கிறத வச்சே நல்லதாவும் காட்டலாம் மோசமாவும் காட்டலாம்.

அடுத்தது, கியர் இருக்கா, இல்ல மோட்டாரே நேரா புரொபெல்லரை சுத்துற டைரக்ட் டிரைவான்னு கேளுங்க, உங்க வேலைக்கு இதுதான் முக்கியம். கியர் மாடல்ல மோட்டார் வேகமா சுத்தும், கியர் அதை குறைச்சு புரொபெல்லருக்கு கொடுக்கும், அந்த பல்லுங்க உரசுற “ங்ஙீ”ங்குற கூவல் ஸ்பீடு ஏற ஏற மேல போகும். டார்க்கீடோ டிராவல் 1003ங்குற மாடல் கியர் வச்சது, ஈபுரொபல்ஷன் ஸ்பிரிட்ங்குற மாடல் டைரக்ட் டிரைவ், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல கேட்டா யாரும் சொல்லித்தர வேண்டாம். இன்னொரு கூவல் கன்ட்ரோலர்ல இருந்து வரும், கரண்ட்டை வெட்டி வெட்டி அனுப்பித்தான் ஸ்பீடை குறைக்குறாங்க, சில மாடல்ல அது பாதி ஸ்பீடுல கொசு கத்துற மாதிரி கேக்கும், ஃபுல் ஸ்பீடு வச்சா காணாம போயிடும். கடைக்காரர் ஃபுல் ஸ்பீடுல மட்டும் ஓட்டிக் காட்டினா ஏமாந்துடாதீங்க, பறவைகிட்ட நீங்க மெதுவாத்தானே போவீங்க.

இதெல்லாம் சரியா இருந்தாலும் படகே சத்தம் போடும். ஃபைபர் படகோட பின் பலகை மெல்லிசா இருந்தா மோட்டாரோட அதிர்வை வாங்கி தவில் தோல் மாதிரி முழங்கும். ஓடும்போது பலகைல உள்ளங்கைய வச்சுப் பாருங்க, விரல் கூசுற மாதிரி இருந்தா அதான் விஷயம். கிளாம்ப்புக்கும் பலகைக்கும் நடுவுல பழைய லாரி டியூப் துண்டை மடிச்சு வைங்க, நான் வச்சப்போ அந்த முழக்கம் பாதியா அடங்கிடுச்சு. ஆனா ரப்பர் அமுங்க அமுங்க கிளாம்ப் லூஸ் ஆகும், அரைமணி ஓட்டிட்டு மறுபடி இறுக்குங்க, மோட்டாரை கயித்தால படகோட கட்டியும் வைங்க.

வாங்குறதுக்கு முன்னாடி ஒருநாள் வைக்கம் போய் தவணக்கடவுக்குப் போற ஆதித்யா சோலார் படகுல ஏறுங்க. 2017 ஜனவரில இருந்து ஓடுது, 75 பேர் உக்காரலாம். பக்கத்து சீட்டுல பேசுறது சாதாரண குரல்லயே கேக்கும், அடில தண்ணி தட்டுறது கேக்கும். அவ்ளோ பெரிய படகே இப்படி போகுதுன்னா உங்க 12 அடி படகுக்கு அதை விட சத்தம் போடுற எதையும் ஒத்துக்காதீங்க. காத்து இல்லாத காலைல உங்க படகுலயே மாட்டி ஓட்டிப் பாக்க விடுறவர்கிட்ட மட்டும் வாங்குங்க. போன் ஆப்ல அளக்குறதா இருந்தா ஒரே போன், ஒரே இடம், ரெண்டு மோட்டாரை ஒப்பிட மட்டும்.

ஒண்ணு மறந்துடாதீங்க, சத்தம் இல்லன்னா குளிக்கிறவங்களுக்கும் வலை போடுறவங்களுக்கும் நீங்க வர்றது தெரியாது. கழுத்துல ஒரு விசில் இருக்கட்டும்.

கேள்வி: ரெண்டு வருஷமா அமைதியா ஓடின டிரோலிங் மோட்டார் (மெதுவா போற சின்ன எலக்ட்ரிக் மோட்டார்) இப்ப கரகரங்குது, புதுசு வாங்கணுமா?

பதில்: அவசரப்படாதீங்க. பேட்டரிய கழட்டிட்டு புரொபெல்லர் நட்டை எடுத்து, உருவிப் பாருங்க. தூண்டில் நைலான் நரம்பு ஷாஃப்ட்ல முடிக்கற்றை மாதிரி சுத்தியிருக்கும், ஆகாயத்தாமரை வேரும் சேர்ந்தே வரும். பிளேடு ஓரம் உடைஞ்சிருந்தாலும் அதிரும், புரொபெல்லர் மட்டும் மாத்தினா போதும். தண்ணி உள்ள போகாம தடுக்குற சீல் வளையத்தை நரம்பு அறுத்திருந்தா உள்ள தண்ணி போய் பேரிங் துருப்பிடிச்சிருக்கும், கையால சுத்தினாலே நறநறங்கும். அப்படின்னா ஓட்டாதீங்க, சீல், பேரிங் ரெண்டையும் சேர்த்தே மாத்திட்டு தண்ணில இறக்குங்க.